யாரும் பார்க்காததைப் பார்க்கும் குழு

செகந்திராபாத் மாரெட்பள்ளி தமிழ்ச் சபையில் நல்லது செய்யாதவர்கள் என்று யாரும் கிடையாது. செய்ததைச் சொல்லாதவர்களும் கிடையாது. கோயிலுக்கு ஒருவர் மின்விசிறி கொடுத்தால் அதன் இறக்கைகளில் அவர் பெயரும், தகப்பனார் பெயரும், கொடுத்த காரணமும் சிவப்பு எழுத்தில் இருக்கும். விசிறி சுற்றினால் படிக்க முடியாது என்பதற்காகக் கோடைகாலத்து ஆராதனையில்கூட அதைப் போடவிடாத குடும்பம் ஒன்று அங்கே உண்டு. ஜனங்கள் அதன் கீழே வேர்த்து வடிந்தபடி நன்கொடையாளரின் தகப்பனார் பெயரைப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

இப்படிப்பட்ட சபையில், இரண்டாயிரத்தாறாம் ஆண்டு கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தபோது, போதகர் ஒரு பிரசங்கம் செய்தார். யாரும் பார்க்காத இடத்தில் ஒருவன் எப்படி நடந்துகொள்கிறானோ அதுதான் அவனுடைய உண்மையான விசுவாசம் என்றார். போன வருஷமும் அதையேதான் சொல்லியிருந்தார். ஆனால் போன வருஷம் சபைச் செயலாளர் தேவசகாயம் தூங்கிவிட்டார். இந்த வருஷம் அவருக்குப் பல்வலி.

தேவசகாயம் ரயில்வேயில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். காதில் விழுந்த எதற்கும் ஒரு குழு அமைக்காமல் அவரால் இருக்க முடியாது. அன்று சாயங்காலமே கமிட்டியைக் கூட்டிவிட்டார்.

"நம்ம சபை ஜனங்க யாரும் பார்க்காதப்போ எவ்வளவோ நல்லது செய்யறாங்க. அதை யாருமே பார்க்காம விட்டா அது அநியாயம் இல்லையா?" என்றார்.

அநியாயம்தான் என்று கமிட்டி ஒத்துக்கொண்டது. ஆகவே 'அந்தரங்க உத்தமர் சுழற்கேடயம்' ஒன்றை ஏற்படுத்துவது, கிறிஸ்துமஸ் விழாவில் பேராயர் கையால் அதைக் கொடுப்பது என்று தீர்மானம் ஆயிற்று. விதிகள் இரண்டு. ஒன்று, செய்த நற்செயலை யாரும் பார்த்திருக்கக் கூடாது. இரண்டு, பார்த்த இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

மூலையில் இருந்த ஃபெலிக்ஸ் மெதுவாகக் கையைத் தூக்கினான்.

"சார், யாரும் பார்க்கலைன்னா சாட்சி எப்படி சார் கிடைக்கும்?"

தேவசகாயம் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "சாட்சி இல்லாம கேடயம் கொடுத்தா ஆடிட்டர் கேக்க மாட்டாரா தம்பி? நீங்க சின்னப் பையன். நிர்வாகம் தெரியாது."

ஃபெலிக்ஸ் ஒன்றும் சின்னப் பையன் இல்லை. கல்யாணமானவன். ஊர் தெற்கே, தமிழ்நாட்டு நாசரேத். மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டர் வேலை. மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடிச் சொல்வதுதான் பிழைப்பு. குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் வீடு. கமிட்டித் தேர்தல் நடந்த அன்று குடையை மறந்துவிட்டு எடுக்கத் திரும்பி வந்தான். ஆள் குறைகிறது என்று உறுப்பினராக்கிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு கேடயத்தைப் பற்றிய அறிவிப்பு வாசிக்கப்பட்டது. அதற்குப் பிறகு சபையில் தனியாக இருக்கும் ஆளைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. தனியாக ஜெபிக்கப் போகிறவர் கூடவே இரண்டு பேரை அழைத்துக்கொண்டு போனார். காணாமல் போன பொருள்களை ஒப்படைக்கும் மேஜை நிரம்பி வழிந்தது; யாருக்கும் எதுவும் காணாமல் போகவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி தன் சொந்தக் குடையையே கண்டெடுத்து ஒப்படைத்தார். மறுவாரம் மழை வந்ததால் அதை வாங்கிக்கொண்டு போய், வெயில் வந்ததும் மீண்டும் கண்டெடுத்தார்.

பாடகர் குழுத் தலைவர் ஜெயச்சந்திரன் ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு விடியற்காலையில் சிவப்பு விளக்குக்குக் காரை நிறுத்தினார். யாரும் பார்க்கவில்லையே என்று பச்சை விழுந்த பிறகும் அங்கேயே நின்றார். கடைசியில் போவன்பள்ளி மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றி வந்த லாரிக்காரர் ஒருவர் பார்த்தார். ஆனால் அவர் சொன்ன வார்த்தைகளைச் சாட்சியமாக எழுதிக்கொள்ள முடியவில்லை.

வந்த விண்ணப்பங்கள் எல்லாமே தள்ளுபடியாயின. சாட்சி இருந்தவை முதல் விதிப்படி செல்லவில்லை. சாட்சி இல்லாதவை இரண்டாம் விதிப்படி செல்லவில்லை. தேவசகாயம் சோர்ந்துவிடவில்லை.

"ஜனங்களை நம்பிப் பிரயோஜனம் இல்லை. நாமே ஒரு சோதனை வைப்போம். தம்பி, நீங்க டெஸ்டர்தானே?"

"சாஃப்ட்வேருக்கு சார்."

"மனுஷனும் அப்படித்தான். ஒரு இடத்துல ஓட்டை இருக்கும்."

திட்டம் இதுதான். ஐக்கிய சங்கத்தார் பேராயருக்காகச் செய்த பிளம் கேக்கை, போதகர் அங்கி மாற்றும் அறையில், திறந்தபடி மேஜைமேல் வைப்பது. பாடகர் குழுவின் அங்கிகள் தொங்கும் திரைக்குப் பின்னால் ஃபெலிக்ஸ் ஒளிந்திருப்பது. யார் தனியே வந்து, கேக்கைப் பார்த்தும் தொடாமல் போகிறாரோ அவரே உத்தமர். இதில் வெளிப்படைத்தன்மை வேண்டும் என்பதால் ஆராதனை முடிவில் செயலாளர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: "அங்கி அறையில் ஒரு கேக் வைக்கப்பட்டுள்ளது. அங்கே யாரும் ஒளிந்திருக்கவில்லை."

விளைவு, பார்க்க ஆளே இல்லாத அந்தப் பக்கம் ஒரு ஈகூட வரவில்லை. மத்தியானம் ஆயிற்று. ஜனங்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார்கள், படுத்திருப்பார்கள். ஃபெலிக்ஸ் நின்றுகொண்டிருந்தான். அங்கிகளில் ஒவ்வொரு குரலின் வேர்வை நாற்றமும் தனித்தனியே வந்தது. அதையும் தாண்டி, சர்க்கரையைக் கருக்கி, திராட்சையை வாரக்கணக்கில் ரம்மில் ஊறவைத்துச் செய்த கேக்கின் வாசனை வந்தது. காலையில் மனைவி ரோஸ்லின் கொடுத்த இட்லியை அவசரத்தில் பாதி வைத்துவிட்டு வந்திருந்தான்.

வைத்திருப்பது சரியான தூண்டில்தானா என்று சோதிக்காமல் சோதனை நடத்துவது தொழில் தர்மம் இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. வெளியே வந்து ஓரமாக ஒரு துண்டு வெட்டித் தின்றான். சரியான தூண்டில்தான். வெட்டிய இடம் கோணலாக இருந்தது. அதை நேராக்க இன்னொரு துண்டு. இப்போது மறுபக்கம் கோணல். கடைசியில் வெட்டு ரொம்ப நேராக வந்தபோது பாதி கேக் இல்லை.

வாசலில் காலடிச் சத்தம். ஃபெலிக்ஸ் பாய்ந்து திரைக்குப் பின்னால் போனான்.

வந்தவள் செல்லம்மா. கோயிலைக் கூட்டித் துடைக்கிறவள். கோயில் பின்கட்டில் ஒரு ஒற்றை அறையில் இருந்தாள். பாட்டன் காலத்திலேயே செகந்திராபாத் வந்துவிட்ட குடும்பம். ஏன் என்பதற்குக் கைக்கு, ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ என்று அவள் தமிழில் ஊர் உருது கலந்திருக்கும். ஆராதனை நேரத்தில் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு வெளியே இருந்ததால் அறிவிப்பு எதுவும் அவள் காதில் விழவில்லை; கேக் பேராயருக்கு என்பது மட்டும் தெரியும்.

துடைப்பத்தோடு உள்ளே வந்தவள் கேக்கைப் பார்த்தாள். திரும்பி வாசலைப் பார்த்தாள். மறுபடியும் கேக்கைப் பார்த்தாள். ஃபெலிக்ஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டான். எடுத்துவிடு அக்கா, ஒரே ஒரு துண்டு எடுத்துவிடு என்று மனசார வேண்டிக்கொண்டான். அவள் எடுத்துவிட்டால் அந்தப் பாதிக்கும் சேர்த்து ஒரு வழி பிறக்கும்.

"கைக்கு இப்படித் தொறந்து போட்டுப் போறாங்கோ? எறும்பு வந்தா பிஷப்பு என்னத்தைத் திம்பாரு?" என்று யாருமில்லாத அறையைத் திட்டினாள். மேஜையில் ஊர்ந்த எறும்புகளை முந்தானையால் தட்டிவிட்டாள். பெரிய தட்டு ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்து கேக்கை மூடினாள். கீழே சிந்திக் கிடந்த தூளைக் கூட்டி முறத்தில் அள்ளினாள். அள்ளிக்கொண்டு வெளியே வரும்போது எதிரே தேவசகாயம் வந்துவிட்டார்.

முறத்தில் கேக் தூள். தட்டுக்குக் கீழே பாதி கேக். அதற்குமேல் தேவசகாயத்துக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

விசாரணை அன்றைக்கே நடந்தது. கமிட்டி வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்தது. செல்லம்மா முறத்தோடு நின்றாள். அது தடயம் என்பதால் கீழே வைக்க விடவில்லை.

"நான் தொடலை ஐயா. மூடித்தான் வெச்சேன்."

"தொடலைங்கறதுக்கு யார் சாட்சி?"

"யாருமில்லை ஐயா. நான் தனியாத்தானே இருந்தேன்."

தேவசகாயம் வெற்றியோடு கமிட்டியைப் பார்த்தார். "கேட்டீங்களா? தனியா இருந்திருக்கா! தனியா இருந்தா மனுஷன் என்ன செய்வான்னு எனக்குத் தெரியாதா? என்னையே என் வீட்டுல நம்பி விட மாட்டாங்க. சர்க்கரை டப்பாவைப் பூட்டி சாவியை இடுப்புல செருகிட்டுத்தான் என் வீட்டம்மா கடைக்குப் போவா. நானே அப்படின்னா இவ எப்படி இருப்பா?"

பிறகு ஃபெலிக்ஸ் பக்கம் திரும்பினார். "பார்வையாளர் என்ன பார்த்தீங்க?"

ஃபெலிக்ஸின் பல்லிடுக்கில் ஒரு திராட்சை இருந்தது. செல்லம்மா அவனை நம்பிக்கையோடு பார்த்தாள். அங்கே ஒருவர் ஒளிந்திருந்தார் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அப்பாடா, பார்த்த ஆள் ஒருவர் இருக்கிறார் என்று அவள் முகம் மலர்ந்தேவிட்டது.

"திரை... கொஞ்சம் தடிப்பு சார்," என்றான்.

மெல்லிய திரை வாங்குவதென்றும், செல்லம்மா அறையைக் காலி செய்வதென்றும் கமிட்டி தீர்மானித்தது.

அன்று ராத்திரி ஃபெலிக்ஸ் சாப்பிடவில்லை. மறுநாளும் தட்டில் வைத்ததைப் பிசைந்துகொண்டிருந்தான். ரோஸ்லின் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"என்னங்க செய்யுது உங்களுக்கு?"

எல்லாவற்றையும் சொன்னான். ரோஸ்லினுக்கு முதலில் சிரிப்பு தாங்கவில்லை. "பாதி கேக்கையுமா தின்னீங்க? பிஷப்புக்கு வச்சதையா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தம்மா இப்ப எங்க இருக்காவ?" என்று கேட்டாள்.

"ரூமைக் காலி பண்ணிட்டாவளாம். போவன்பள்ளியில தங்கச்சி வீடு இருக்காம்."

ரோஸ்லின் சிரிப்பு நின்றது. அவன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "சாப்பிட வேண்டாம். போய்ச் சொல்லிட்டு வாங்க, பொறவு சாப்பிடலாம்," என்ற குரல் மட்டும் வந்தது.

செய்த தப்பைச் சொல்வது இவ்வளவு கஷ்டமான காரியம் என்று ஃபெலிக்ஸுக்கு அதுவரை தெரியாது. சொல்லத் தைரியம் வேண்டும் என்பது தெரியும். கேட்க ஆள் கிடைக்காது என்பது தெரியாது.

முதலில் தேவசகாயம் வீட்டுக்குப் போனான். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"நீங்கதான் தின்னீங்கன்னே வெச்சுக்குவோம். யார் பார்த்தது?"

"யாரும் பார்க்கலை சார்."

"அப்புறம் என்ன தம்பி?" என்றார் உண்மையான குழப்பத்தோடு. "பார்வையாளரே தின்னார்னா பார்வை செல்லாது. பார்வை செல்லாதுன்னா குழு செல்லாது. அடுத்த வாரம் பேராயர் வரார். கேடயம் ஆர்டர் கொடுத்தாச்சு. ஒரு கேக்குக்காக ஒரு ஸ்தாபனத்தையே கவுக்கப் பார்க்கறீங்களே, உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா?"

அங்கிருந்து போதகர் வீட்டுக்குப் போனான். நாசரேத் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஃபெலிக்ஸுக்கும் அதுதான் வாயில் வரும். போதகர் நல்ல மனுஷர். சத்தமாகப் பேசத் தெரியாதவர்; பிரசங்க மேடையில் ஏறினால் மட்டும்தான் தைரியம் வரும்.

"ஆண்டவரிடம் அறிக்கை செய்துவிட்டீர்களா?"

"செஞ்சிட்டேன் ஐயரே."

"அவர் மன்னித்துவிட்டார். சமாதானத்தோடே போங்கள்."

"செல்லம்மாக்கா ரூம்ல இப்ப டிரம் செட்டைக் கொண்டு வச்சிருக்காவளே ஐயரே?"

போதகர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார். "அது கமிட்டி விஷயம்," என்றார்.

இதற்கிடையில் கேடயம் வந்து சேர்ந்தது. கொடுக்கத்தான் ஆள் இல்லை. கமிட்டி உட்கார்ந்து ஆழ்ந்து யோசித்தது. ஜெயச்சந்திரன்தான் வழி கண்டுபிடித்தார். யாரும் பார்க்காத நன்மைக்குத்தானே கேடயம்? செயலாளர் தேவசகாயம் இத்தனை வருஷமாகச் சபையில் இருக்கிறார். அவர் ஒரு நன்மை செய்து இதுவரை யாருமே பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்று சாட்சிக் கையெழுத்துப் போட எத்தனை பேர் வேண்டுமானாலும் தயார். இரண்டு விதிகளுக்கும் பொருந்துகிற ஒரே மனிதர் அவர்தான். தேவசகாயம் கண்கலங்கி ஏற்றுக்கொண்டார்.

விழா அன்று கோயில் நிறைந்திருந்தது. பேராயர் முன்வரிசையில், விசிறி ஓடாத இடத்தில் உட்கார்ந்து கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். பார்வையாளர் அறிக்கை வாசிக்க ஃபெலிக்ஸை அழைத்தார்கள். 'குழு சிறப்பாகப் பார்த்தது' என்ற ஒரே வரியைத் தேவசகாயமே எழுதிக் கொடுத்திருந்தார். ஃபெலிக்ஸ் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒலிபெருக்கியைப் பிடித்தான். ஆறாவது பெஞ்சில் ரோஸ்லின் தெரிந்தாள்.

"அந்தக் கேக்கை நான்தான் தின்னேன்," என்றான்.

பின்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு உணர்ச்சியோடு, "அல்லேலூயா!" என்றார். சபை முழுவதும் "அல்லேலூயா!" என்றது.

"அல்லேலூயா இல்லைங்க, கேக்கு!" என்றான் ஃபெலிக்ஸ். "திரைக்குப் பின்னாடி நிக்கச் சொன்னாங்க. பசிச்சது, தின்னுட்டேன். செல்லம்மாக்கா தொடவே இல்லை. எறும்பு வராம மூடி வச்சாவ. நான் பார்த்தேன். விசாரணையில கேட்டப்போ திரை தடிப்புன்னு பொய் சொன்னேன். நம்ம குழு கண்ணால பார்த்த ஒரே நல்ல காரியம் அந்தம்மா செஞ்சதுதான்."

"எப்பேர்ப்பட்ட சாட்சி!" என்று யாரோ தேம்பினார்கள். மனம் திரும்பினவர் சபைமுன் பாவத்தைச் சொல்வதற்கும் அங்கே சாட்சி என்றுதான் பெயர். பாடகர் குழு தானாகவே பாட ஆரம்பித்துவிட்டது. பேராயர் மட்டும் பக்கத்தில் குனிந்து, "அந்த அம்மா எங்கே? அவங்களுக்குத்தானே கேடயம் கொடுக்கணும்?" என்று கேட்டார்.

தேவசகாயம் நிதானம் இழக்கவில்லை. "எனக்கும் ஆசைதான் ஐயா. ஆனா விதி இடம் கொடுக்கலை. தம்பி பார்த்துட்டாரே! ஒருத்தர் பார்த்துட்டா அது அந்தரங்கம் இல்லை. சாட்சின்னு எடுத்துக்கிட்டாலும் இன்னொருத்தர் குறையுது."

கேடயம் தேவசகாயத்துக்கே போயிற்று. ஃபெலிக்ஸின் உருக்கமான சாட்சிக்குக் குழுவே காரணம் என்று குழுவைப் பாராட்டினார்கள். மறுநாள் கூடிய கமிட்டி பெருந்தன்மையோடு இன்னொரு தீர்மானமும் போட்டது: கேக்கை எடுக்காத குற்றத்துக்காகச் செல்லம்மா மன்னிக்கப்படுகிறாள், டிரம் செட்டை ஓரமாக நகர்த்திக்கொண்டு அவள் பழைய அறைக்கே வரலாம்.

ஃபெலிக்ஸ் தீர்மானத்துக்காகக் காத்திருக்கவில்லை. அது போடப்பட்ட செய்தி அவனுக்குப் போனில் வந்தபோது போவன்பள்ளி மார்க்கெட்டின் பின்சந்தில், அழுகிய முட்டைக்கோஸ் இலைகளுக்கு நடுவே ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வீடு தேடிக்கொண்டிருந்தான். செல்லம்மா நீலநிறச் சீருடைப் புடவை கட்டி, எங்கோ கிளம்பிக்கொண்டிருந்தாள்.

வாசலில் நின்றபடியே சொன்னான். தின்றது நான், பொய் சொன்னது நான், மன்னிச்சிருங்க அக்கா. வேறு எதுவும் சேர்க்கவில்லை.

"ஹவ்... நீங்களா?" என்றாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கோபப்படுவாள் என்று அவன் எதிர்பார்த்து வந்திருந்தான். அவள் முகத்தில் தெரிந்தது கோபம் மட்டும் இல்லை.

"இத்தனை நாளா ரோசனையே அதுதான் சார். அத்தனை பெரிய மனுஷங்க சொல்றாங்களே, நாமதான் தின்னுட்டு மறந்துட்டோமோன்னு. தங்கச்சிகூட ஒரு நாள் கேட்டுட்டா, அக்கா நெசமா சொல்லு, சின்னதா ஒரு துண்டு எடுத்தியான்னு." மூக்கைச் சிந்தினாள். "உங்களை நான் ரொம்ப நல்லவருன்னு நெனைச்சிருந்தேன்."

"இல்லக்கா," என்றான் ஃபெலிக்ஸ்.

"ஹவ். இல்லைதான்," என்று அவளும் ஒத்துக்கொண்டாள். பிறகு எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "டூட்டிக்கு நேரமாச்சு. மாதாப்பூர்ல ஒரு கண்ணாடி பில்டிங்கு. உங்க ஆபீசு அந்தப் பக்கம்தானே? போற வழியில எறக்கி விட்டுருங்கோ."

கண்ணாடிக் கட்டடத்தின் வாசலில் இறங்கிய பிறகுதான் கமிட்டியின் மன்னிப்பைப் பற்றி ஃபெலிக்ஸ் சொன்னான். திரும்பி வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றான்.

"நக்கோ சார்," என்றாள் உடனே. "இங்க பாருங்கோ." வாசலுக்கு மேலே, கூரையின் மூலைகளில், தூணில் என்று ஒவ்வொன்றாகக் கைகாட்டினாள். "எல்லா எடத்துலயும் கேமரா. போன வாரம் ஒரு மேடத்தோட செல்போனு காணாமப் போச்சு. யாரும் என்னை ஒரு வார்த்தை கேக்கலை. படத்தைப் போட்டுப் பார்த்தாங்கோ. அவங்களே டாய்லெட்டுல வெச்சுட்டு வந்திருக்காங்கோ. அதோட முடிஞ்சுது."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். கோயிலைப் பற்றித் தப்பாகப் பேசிப் பழக்கமில்லாதவள்.

"கோயில்லயும் மேல இருந்து ஒருத்தர் பார்த்துட்டுத்தான் இருக்காரு. நான் இல்லேங்கலை. ஆனா கமிட்டிக்கு வந்து சொல்ல மாட்டேங்கறாரே சார்."

வண்டியை அங்கே நிறுத்தக் கூடாது என்று காவலாளி தெலுங்கில் விரட்டினான். செல்லம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கேமராவைப் பார்த்து ஒரு தரம் தலையை ஆட்டிவிட்டு, உள்ளே போனாள்.